இரவு விளக்குகளை வைத்து முதல் மாணவர் படம்: நான் பட்ட பாடு நீங்கள் படாமலிருக்க

நான்கு இரவுகள் அலைந்து ஆறரை மணி நேரக் காட்சிகளைப் பதிவு செய்தேன். அதில் என் நான்கு நிமிடப் படத்துக்குள் போனது முப்பத்தெட்டு நொடி. மீதி முழுவதும் கோடு விழுந்த விளம்பரப் பலகைகள், வெள்ளைத் திட்டாக வெந்துபோன தெருவிளக்குகள், ஃபோகஸ் கிடைக்காமல் திணறும் லென்ஸ். போதாக்குறைக்கு, "இங்கே படம் எடுக்கக் கூடாது" என்று ஒரு காவலாளி சொல்வது மட்டும் மிகத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. ஐந்தாவது, ஆறாவது இரவுகளில்தான் படம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடைத்தது. அந்த இரண்டு இரவுகளுக்கு முன்னும் பின்னும் செய்த வேலைகளை வரிசையாக எழுதுகிறேன்.

இது இரவல் கேமராவும் மெலிந்த பணப்பையும் வைத்துக்கொண்டு, நகரத்தின் இரவு வெளிச்சத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடப் பரிசோதனைப் படம் எடுக்க நினைக்கும் மாணவருக்கானது. வெளிச்சம் பற்றாது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். நகரத்தில் வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. பற்றாமல் போவது நேரம். கீழே உள்ள படிகளில் பாதி, அந்த நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்கானவை.

1. ஒரே வரியில் ஒரு விதி எழுதுங்கள் (படப்பிடிப்புக்கு ஐந்து வாரம் முன்பு)

பரிசோதனைப் படம் என்றால் தோன்றியதை எல்லாம் எடுக்கலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. கதை இல்லாத படத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு விதி வேண்டும். "ஒரே சந்திப்பு, சிவப்பு சிக்னல் எரியும்போது மட்டும் பதிவு." "எந்த விளக்கையும் நேராகக் காட்டக் கூடாது. தேங்கிய நீரிலும் கண்ணாடியிலும் தெரிவது மட்டும்." "ஒரு கட்டடத்தின் சன்னல்கள் ஒவ்வொன்றாக அணைவது, இடத்தை மாற்றாமல்." இப்படி ஏதாவது ஒன்று. ஐந்தாம் இரவுக்கு முன் நான் எழுதிய விதி: நிற்கும் விளக்கெல்லாம் அசைய வேண்டும், ஓடும் விளக்கெல்லாம் நிற்க வேண்டும்.

இந்த ஒரு வரி மூன்று இடங்களில் உதவும். ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்கும்போது, அனுமதிக் கடிதத்தில் "என்ன எடுக்கப் போகிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, எடிட்டிங் மேசையில் எதைத் தூக்கி எறிவது என்று தெரியாமல் விழிக்கும்போது. விதியில் வானிலையைச் சேர்க்காதீர்கள். நான் முதலில் "மழை நின்ற பத்து நிமிடம்" என்று எழுதிவிட்டு, இரண்டு வாரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத் தரையில் விளக்கொளி வேண்டுமென்றால் இரண்டு புட்டி தண்ணீர் போதும். யாரும் வழுக்கி விழாத மூலையாகப் பார்த்து ஊற்றுங்கள்.

2. காகிதங்கள் (நான்கு வாரம் முன்பு)

அலுப்பூட்டும் பகுதி என்று தாண்டிப் போகாதீர்கள். எனக்கு வீணான நான்கு இரவுகளில் ஒன்றரை இரவு காகிதத்தால் போனது.

முதலில், கல்வி நிறுவனத்தின் கடிதம். துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். குழுவினர் பெயர், மாணவர் அடையாள எண், எடுக்கும் இடம், நாள், நேரம், கொண்டுவரும் கருவிகள், பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண், வணிக நோக்கம் இல்லை என்ற ஒரு வரி, நடைபாதையை மறிக்க மாட்டோம் என்ற ஒரு வரி. முக்காலி கொண்டுபோவதாக இருந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். கையில் கேமராவோடு நிற்பவரைக் கண்டுகொள்ளாத பல இடங்களில் முக்காலியை விரித்தவுடன் அது "படப்பிடிப்பு" ஆகிவிடும்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. என் கடிதத்தில் "11ஆம் தேதி இரவு" என்றுதான் எழுதியிருந்தது. நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடத்தில் காவலாளி வந்து, இன்று 12ஆம் தேதி, உங்கள் அனுமதி முடிந்துவிட்டது என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். "11ஆம் தேதி மாலை 5 மணி முதல் 12ஆம் தேதி அதிகாலை 2 மணி வரை" என்று எழுத வேண்டும். மாற்று நாள் ஒன்றையும் அதே கடிதத்தில் சேர்த்துவிட்டால் மழை வந்தால் மறுபடி கையெழுத்துக்கு ஓட வேண்டியதில்லை.

அடுத்தது, இடத்துக்கு உரியவரின் அனுமதி. பொதுச் சாலை போலத் தெரியும் பல முற்றங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. வணிக வளாகங்களின் முன்வாசல் பெரும்பாலும் அப்படித்தான். சாலை, பூங்கா என்றால் நகர நிர்வாகம். ரயில் நிலையம், விமான நிலையம், துறைமுகம், பெரிய பாலங்கள் ஆகியவற்றுக்குத் தனி விதிகளும் நீண்ட காத்திருப்பும் இருக்கும். முதல் படத்துக்கு அவற்றை விட்டுவிடுங்கள். விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வாய்மொழியாக "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னவரிடமும் இரண்டு வரி மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். பகலில் சொன்னவர் இரவுப் பணியில் இருக்க மாட்டார். அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். இரவு ஒரு மணிக்குத் தொலைபேசித் திரையை நீட்டினால் யாரும் மதிப்பதில்லை.

அடையாளம் தெரியும்படி முகம் காட்டும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் வாங்குங்கள், அது உங்கள் நண்பராகவே இருந்தாலும். படம் முடிந்தபின் நட்பு முறிந்து காட்சியை நீக்கியவர்களை எனக்குத் தெரியும். வீட்டுச் சன்னல்களுக்குள் தெரியும் ஆட்களையும் வாகன எண்களையும் மங்கலாக்குவது உங்கள் பொறுப்பு.

இரண்டு எச்சரிக்கைகள். ட்ரோனை இரவில் பறக்கவிடுவதற்குப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று, சில கட்டடங்களின் இரவு ஒளியமைப்பே பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்பாகக் கருதப்படுகிறது. ஈபிள் கோபுரம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு: பகலில் எடுத்த படத்தை யாரும் பயன்படுத்தலாம், விளக்கேற்றிய கோபுரத்தின் படத்தைத் தொழில்முறையாகப் பயன்படுத்த அதை நடத்தும் நிறுவனத்தின் அனுமதி தேவை. உங்கள் ஊரின் பெயர்பெற்ற கட்டடத்துக்கும் இப்படி ஏதேனும் உண்டா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அல்லது பெயரில்லாத சந்துக்குப் போங்கள். படமும் அங்கேதான் நன்றாக வரும்.

3. கேமரா இல்லாமல் ஓர் இரவு நடங்கள் (இரண்டு வாரம் முன்பு)

படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே கிழமையில் போங்கள். செவ்வாய் இரவும் சனி இரவும் ஒரே தெருவில் வெவ்வேறு நகரங்கள். கையில் குறிப்பேடும் தொலைபேசியும் போதும். எந்த விளம்பரப் பலகை எத்தனை மணிக்கு அணைகிறது என்பதை எழுதுங்கள். கடைப் பலகைகள் கடை மூடும் நேரத்தில் போய்விடும். அலங்கார விளக்குகள் பெரும்பாலும் தானியங்கி நேரக் கட்டுப்பாட்டில் ஒரே நொடியில் அணையும். சில தெருக்களில் எல்இடி விளக்குகள் நள்ளிரவுக்குப் பின் மங்கலாக்கப்படும். நான் மிகவும் நம்பியிருந்த ஒரு சிவப்பு நியான் பலகை, முக்காலியை விரித்து லென்ஸை மாட்டி நிமிர்ந்தபோது அணைந்தது. மணி சரியாகப் பத்து. நடந்து பார்த்திருந்தால் ஒன்பது மணிக்கே அதை எடுத்திருப்பேன்.

விளக்கின் வகையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறச் சோடியம் விளக்கா, வெள்ளை எல்இடியா, நியானா, ஓடும் எழுத்துகள் கொண்ட எல்இடிப் பலகையா என்பது ஆறாம், ஏழாம் படிகளில் வேண்டும். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் பத்து நொடி பதிவு செய்தால் எது கோடு போடும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். கூடவே, போக்குவரத்துக்கு இடையூறில்லாமல் நிற்க இடம், திறந்திருக்கும் கழிப்பறை, கடைசிப் பேருந்தின் நேரம். இந்த மூன்றும் கலையோடு தொடர்பில்லாதவை போலத் தெரியும். இரவு பன்னிரண்டரைக்கு வேறு எதுவும் முக்கியமாகத் தெரியாது.

4. பணம் எங்கே போகும்

கேமராவுக்குப் போகாது, இரவல் வாங்குங்கள். என் கணக்கில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின் நான்கு பேர் வீடு திரும்பியதற்குப் போனது. அதைத் திட்டச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். அடுத்து, கூடுதல் பேட்டரியும் மெமரி கார்டும். அதன்பின் விழாக்களுக்கான நுழைவுக் கட்டணம்; இதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

லென்ஸை வாடகைக்கு எடுப்பதென்றால் "ஒரு நாள்" என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேளுங்கள். பல கடைகளில் அது காலை முதல் மாலை வரை. இரவுப் படப்பிடிப்பு இரண்டு தேதிகளில் கால் வைப்பதால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். மாலையில் எடுத்து மறுநாள் கடை திறந்ததும் திருப்பித் தந்தால் ஒரு நாளாகக் கணக்கிடுவீர்களா என்று முன்கூட்டியே பேசி ரசீதில் எழுதி வாங்குங்கள். திருப்பித் தரும் முன்பணம் கையை விட்டுப் போய்ச் சில நாள் கழித்துத்தான் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

5. பையில் இருக்க வேண்டியவை

நிழற்பட அமைப்புகளைக் கையால் மாற்றக்கூடிய கேமரா, எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் (எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது) 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஆட்டம் காணாத முக்காலி, மூன்று பேட்டரிகள், துடைக்கும் துணி, சிறு கைவிளக்கு, கறுப்புத் துணி. தொலைபேசியில்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டிவைக்கும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கார்டின் கொள்ளளவை ஊகிக்காதீர்கள்: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காட்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 எம்பி பிடிக்கும். 64 ஜிபி கார்டில் 85 நிமிடத்துக்கு மேல் இடமில்லை.

லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்காக மாட்டியிருக்கும் ஃபில்டரை இரவில் கழற்றிவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு பிரகாசமான விளக்குக்கும் எதிர்மூலையில் ஒரு பச்சைப் பேய் விளக்கு முளைக்கும். அந்தப் பேய்தான் உங்கள் விதி என்றால் விட்டுவிடலாம்.

6. ஷட்டர்: என்னை மிகவும் அழவைத்த பகுதி

வீட்டில் பார்த்தபோது என் காட்சிகளில் பாதி மினுக்கியது, மீதியில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்தன. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காரணம் மின்சாரம்.

மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் உலகின் பெரும்பகுதியில் 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்கா போன்ற இடங்களில் 60 ஹெர்ட்ஸ். சோடியம் விளக்கும் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் அதன் இருமடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 100 அல்லது 120 முறை, ஏறி இறங்கி எரிகின்றன. நம் கண் இதைக் கவனிப்பதில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் இந்தத் துடிப்புகள் முழு எண்ணிக்கையில் அடங்கினால் எல்லா ஃபிரேமும் (காட்சியாக ஓடும் ஒவ்வொரு தனிப்படமும்) ஒரே வெளிச்சத்தில் வரும். அரைகுறையாக அடங்கினால் மினுக்கும். எனவே 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் ஷட்டர் 1/25, 1/50, 1/100 நொடி. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/30, 1/60, 1/120. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தாலும் இதையே வையுங்கள். அசைவு இயல்பாகத் தெரிய ஃபிரேம் வேகத்தின் இருமடங்கில் ஷட்டர் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வார்கள்; 24 ஃபிரேமுக்கு அது 1/48. 50 ஹெர்ட்ஸ் ஊரில் 1/50 வைத்தால் இரண்டு தேவையும் ஒன்றாகத் தீர்ந்துவிடும்.

ஓடும் எழுத்து கொண்ட எல்இடிப் பலகைகளும் சில வாகன விளக்குகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அவற்றின் மின்சுற்று தனக்கென ஒரு வேகத்தில் விளக்கை அணைத்து ஏற்றுகிறது. அங்கே ஷட்டரை மெதுவாக்கிப் பார்ப்பது ஒன்றே வழி. பெரும்பாலும் 1/25க்கு வந்தால் பட்டைகள் அடங்கும். கேமராவின் சிறிய திரையில் இது தெரியாது. ஒவ்வொரு புதிய விளக்குக்கும் பத்து நொடி எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தபின் அடுத்த காட்சிக்குப் போங்கள். எனக்கு இந்தப் பத்து நொடிச் சோம்பலின் விலை ஓர் இரவு முழுவதும்.

7. வெளிச்ச அளவும் நிறமும்

கேமராவின் தானியங்கி அமைப்பு இருட்டைப் பார்த்துப் பதறும். ஐஎஸ்ஓவை ஏற்றி, கறுப்பைச் சாம்பலாக்கி, விளக்குகளை வெள்ளையாக வேகவைத்துவிடும். எல்லாவற்றையும் கையால் வையுங்கள். விதி எளிது: படத்தில் முக்கியமான விளக்கு எதுவோ அதன் நிறம் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். சிவப்பு நியான் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் சுற்றியுள்ள தெரு ஏறத்தாழ கறுப்பாகிவிடும். ஆகட்டும். இரவு கறுப்பாக இருப்பதில் தவறில்லை. வெந்துபோன வெள்ளையில் எடிட்டிங்கில் எந்த நிறத்தையும் மீட்க முடியாது.

ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஒரு பேருந்து கடந்துபோவதற்குள் தெருவின் நிறம் மூன்று முறை மாறும். 3200 அல்லது 4000 கெல்வினில் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) பூட்டுங்கள். உயரழுத்தச் சோடியம் விளக்கு 2000 கெல்வின் அருகே எரிகிறது. பல கேமராக்கள் 2500க்குக் கீழே இறங்கா. ஆகவே அந்த ஆரஞ்சை முழுக்க அகற்ற முயலாமல் அதோடு வாழப் பழகுங்கள். பழைய தாழழுத்தச் சோடியம் விளக்கு எங்காவது மிச்சமிருந்தால் அது ஒரு புதையல். அது உமிழ்வது கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் மஞ்சள் மட்டுமே. அதன் கீழே நிற்கும் சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே சாம்பல் மஞ்சளாகிவிடும். எந்த மென்பொருளும் தராத இந்த நிறக்குருட்டை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

ஃபோகஸ் எப்போதும் கையால். தொலைவில் உள்ள விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். முக்காலியில் இருக்கும்போது அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

8. விளக்கோடு விளையாடும் வழிகள்

எல்லாவற்றையும் ஒரே படத்தில் போடாதீர்கள். உங்கள் விதிக்கு எது பொருந்துமோ அதில் இரண்டு போதும்.

நிற்கும் விளக்கை அசைக்க, ஷட்டரை அரை நொடி அல்லது ஒரு நொடிக்கு வைத்து நிழற்படங்களாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் கேமராவைச் சிறிது சுழற்றவோ இழுக்கவோ செய்து, அவற்றை வரிசையாக ஓட்டினால் தெருவிளக்குகள் கோலம் போடத் தொடங்கும். நான் இருநூறு படங்கள் எடுத்தேன். நூற்றெண்பதாவது படத்தில்தான் கைக்கு ஒரு தாளம் வந்தது. ஓடும் விளக்கை நிறுத்த எளிய வழி, அதற்குள்ளேயே ஏறிவிடுவது. பேருந்தின் உள்ளே சன்னலோரம் கேமராவை அழுத்திப் பிடித்தால் பேருந்தின் விளக்கு நின்றுகொண்டிருக்கும், நகரம் முழுவதும் ஓடும். ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே எதையும் நீட்டாதீர்கள்.

ஃபோகஸுக்கு வெளியே உள்ள விளக்கு வட்டமாகத் தெரிவது லென்ஸின் துளை வட்டமாக இருப்பதால்தான். கறுப்பு அட்டையில் வேறு வடிவத்தை வெட்டி லென்ஸின் முன் வைத்தால் ஒவ்வொரு விளக்கும் அந்த வடிவம் எடுக்கும். அளவு முக்கியம்: 50 மில்லிமீட்டரை 1.8 ஆல் வகுத்தால் 28 மில்லிமீட்டர். வெட்டும் வடிவம் அதைவிடச் சிறியதாக, 15 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், லென்ஸ் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். தொலைபேசியில் இது வேலை செய்யாது. அதன் துளை மிகச் சிறியது. நட்சத்திரக் கதிர் வேண்டுமானால் நேர்மாறாக, எஃப் 11க்கு மேல் மூடுங்கள். லென்ஸின் துளையை மூடும் இதழ்கள் எட்டு இருந்தால் எட்டுக் கதிர், ஏழு இருந்தால் பதினான்கு.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய குறுவட்டு. எழுதக்கூடிய குறுந்தகட்டின் மேல்பக்கத்தைக் கீறி, ஒட்டும் நாடாவை ஒட்டிப் பிய்த்தால் வெள்ளிப் படலம் கழன்று வெறும் பிளாஸ்டிக் மிஞ்சும். அதில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 625 வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. அதை லென்ஸின் முன் பிடித்தால் ஒவ்வொரு விளக்கும் தன் நிறங்களாகப் பிரிந்து நிற்கும். வெள்ளை எல்இடி நீலம் முதல் சிவப்பு வரை இடைவெளியில்லாமல் இழுபடும். நியான் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தனித்தனிக் கோடுகளாக உடையும். வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்த இரண்டு விளக்குகள் இங்கே ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டுவது) எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. திரையில் 10 நொடிக்கு 240 படங்கள் வேண்டும். 3 நொடி இடைவெளியில் எடுத்தால் 12 நிமிடம். "நீண்ட வெளிச்ச இரைச்சல் குறைப்பு" என்று கேமராவில் ஓர் அமைப்பு இருக்கும், அதை அணையுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும். உங்கள் வண்டிகள் விட்டு விட்டுத் துள்ளும்.

9. படப்பிடிப்பு இரவு

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். விளக்குகள் எரியத் தொடங்கி, வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்திதான் நகரம் மிக அழகாகத் தெரியும் நேரம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்குவதற்குள் அது முடிந்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் இதற்கு 20 முதல் 25 நிமிடம்தான். வடக்கிலும் தெற்கிலும் விலகிப் போகப் போக நீளும். அந்தியில் ஒரே ஒரு காட்சியைத் திட்டமிடுங்கள். மூன்றைத் திட்டமிட்ட நாளில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன்பின் அணையும் வரிசையில் எடுங்கள்: முதலில் அணையும் பலகை முதலில். இரவெல்லாம் எரியும் தெருவிளக்கைக் கடைசியில் வையுங்கள். ஒரு இரவுக்குக் கேமராவை ஆறு இடங்களுக்கு மேல் நிறுத்தி எடுக்க முடியாது; ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் ஆகும். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக் காற்றுக்குள் வந்தால் லென்ஸில் பனி படியும். கேமராவைப் பையிலேயே அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பிறகு திறங்கள்.

தனியாகப் போகாதீர்கள். கேமராவைப் பார்ப்பவரின் முதுகைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், சாலையோரத்தில் இது மிகையல்ல. யாராவது வந்து கேள்வி கேட்டால் முதலில் பதிவை நிறுத்துங்கள், பிறகு கடிதத்தைக் கொடுங்கள். வாதாடி வென்றாலும் அதற்குள் அந்தப் பலகை அணைந்திருக்கும்.

10. ஒலி

கேமராவின் ஒலியை நம்பாதீர்கள். தொலைபேசியையாவது தனியாக வைத்து ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள், யாரும் பேசாமல். பழைய தெருவிளக்கின் அடியில் காது கொடுத்தால் ஒரு ரீங்காரம் கேட்கும். ஷட்டரைத் தொல்லைப்படுத்திய அதே நொடிக்கு 100 அல்லது 120 துடிப்புதான் அங்கே ஒலியாக வருகிறது. என் படத்தின் இசை முழுவதும் அந்த ரீங்காரத்தை ஏற்றி இறக்கிச் செய்தது. உரிமக் கட்டணமும் மிச்சம்.

வெளியிலிருந்து இசை எடுப்பதென்றால் உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்றாலே இலவசம் என்று எண்ணி நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். "மாற்றங்கள் கூடாது" என்ற நிபந்தனை உள்ள பாட்டைப் படத்தின் பின்னணியில் பொருத்தவே முடியாது. காட்சியோடு இணைப்பதே அந்த உரிமத்தின்படி மாற்றம்தான். "அதே உரிமத்தில் பகிர்க" என்றிருந்தால் உங்கள் படத்தையும் அப்படியே வெளியிட வேண்டியிருக்கும்.

11. வீடு வந்ததும், எடிட்டிங்கும்

தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் கார்டை இரண்டு இடங்களில் நகல் எடுத்தபின் படுங்கள். இரண்டும் திறந்து ஓடுகின்றனவா என்று பார்க்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். நான்காம் இரவின் கதை இதுதான். விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை.

எடிட்டிங்குக்கு எடுத்த நாட்களைப்போல் நான்கு மடங்கு ஒதுக்குங்கள். இருண்ட வானம் பட்டை பட்டையாகப் படிக்கட்டுபோல உடைவதைக் காண்பீர்கள். 8 பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பவை அதிலும் சில. 10 பிட்டில் எடுக்க முடிந்தால் 1024. முடியாவிட்டால், கடைசியில் மெல்லிய தூசிமணி போன்ற புள்ளிகளைப் படத்தின் மேல் சேர்த்தால் பட்டைகள் கரையும். இணையத்தில் ஏற்றும்போது தளங்கள் இருட்டைத்தான் முதலில் நசுக்கும் என்பதால் ஏற்றும் கோப்பை உயர்ந்த தரத்திலேயே வையுங்கள். வகுப்பில் காட்டும் புரொஜெக்டரில் முன்னாலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என் கணினியில் ஆழமான கறுப்பாக இருந்தது அங்கே சாம்பல் சுவராக நின்றது.

12. வெளியிடும் முன்

மினுக்கும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். ஒரு நொடிக்குள் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகளைத் தவிருங்கள், அடர்சிவப்பு என்றால் இன்னும் கவனம். தவிர்க்க முடியாதென்றால் படத்தின் தொடக்கத்திலும் விவரக் குறிப்பிலும் எச்சரிக்கை அட்டை போடுங்கள். என் வகுப்பில் ஒருவர் எழுந்து வெளியே போனபிறகுதான் எனக்கு இது உறைத்தது.

விழாக்களுக்கு அனுப்புவதாக இருந்தால் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று சில விழாக்கள் கேட்கும். கடவுச்சொல் இட்ட இணைப்பு போதும். ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் ஒரே படிவத்தை வைத்துப் பல விழாக்களுக்கு அனுப்பலாம். முதல் கெடுவில் கட்டணம் குறைவு, கடைசிக் கெடுவில் அதிகம். மாணவர் பிரிவுக்கு நடப்பாண்டுச் சேர்க்கைச் சான்று கேட்பார்கள். படிப்பு முடிவதற்குள் அதை வாங்கி வையுங்கள்.

13. கருவிகளைத் திருப்பிக் கொடுப்பது

வாங்கும்போதே ஒவ்வொன்றின் தொடர் எண்ணையும், ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் படம் பிடித்து வைத்திருப்பீர்கள் அல்லவா? திருப்பும்போதும் அதையே செய்யுங்கள், பொறுப்பாளரின் மேசைமேல் வைத்து, அவர் பார்க்க. லென்ஸ் மூடி, முக்காலியின் தட்டு, சார்ஜர் வடம் மூன்றும்தான் காணாமல் போகிறவை. முக்காலியின் தட்டு என் கேமராவின் அடியில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளில்தான் முன்பணம் திரும்பக் கிடைத்தது.